கீழேயும் மண்தானே என்று மேல்மண்ணை விற்கலாமா?

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் உங்களுக்கு இரண்டு ஏக்கர் சரிவான மானாவாரி நிலம். கிணறு வெட்ட ஆரம்பித்திருக்கிறீர்கள். குழியின் பக்கவாட்டில் மேலே ஒரு அடிக்குப் பழுப்பு கலந்த செம்மண். அதன் கீழே இரண்டரை, மூன்று அடிக்கு அடர் சிவப்பு. அப்புறம் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். அதற்கும் கீழே கையால் நசுக்கினால் உதிர்கிற பாறை, பத்தடிக்கு மேல் போனால் கடப்பாறை இறங்காத கெட்டிப் பாறை. இந்த அடுக்குகள் எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பள்ளம் நிரப்ப மேல் இரண்டடி மண்ணை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், "கீழேயும் மண்தானே இருக்கு, நாலு மழை பெஞ்சா சரியாயிடும்" என்கிறார், கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்காதீர்கள். காரணம் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படிப்பட்ட குழிகளுக்குள் இறங்கி நின்று மண்ணைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. நாலு மழையில் சரியான ஒரு நிலத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

குழியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். மண் அந்த வரிசையில்தான் பிறந்தது.

அடியில் இருக்கும் கெட்டிப் பாறை, உங்கள் பகுதியில் பெரும்பாலும் நைஸ் என்ற வகை. வெள்ளையும் கருப்புமாக வரிவரியாக இருக்கும். வெள்ளை வரியில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்களும், கருப்பு வரியில் இரும்புச் சத்துள்ள கனிமங்களும் இருக்கின்றன. இந்தப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில், பெரிய அழுத்தத்தில் உருவானது. மேலே இருந்த சுமை தேய்ந்து போனதும் பாறையின் இறுக்கம் தளர்ந்து விரிசல் விடுகிறது. அந்த விரிசலுக்குள் தண்ணீர் இறங்குகிறது. மண் பிறப்பதன் முதல் காரியம் இதுதான்.

வெறும் தண்ணீர் பாறையை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஆனால் மழைநீர் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் தரைக்கு வருகிறது. மண்ணுக்குள் நுழைந்ததும் அந்த அமிலம் இன்னும் கூடுகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு, வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு, சில நேரம் நூறு மடங்குகூட இருக்கும். இந்த அமிலத் தண்ணீர் ஃபெல்ஸ்பாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களியாக மாற்றுகிறது. கருப்புக் கனிமங்களில் இருக்கும் இரும்பு வெளியே வந்து துருப்பிடிக்கிறது. குவார்ட்ஸுக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, அது அப்படியே உதிர்ந்து மணலாகிறது.

நீங்கள் சொன்ன உதிரும் பாறையில் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் விரலால் அழுத்தினால் பொடியாகும். வெள்ளை வரியைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் மாவுபோல வழுவழுக்கும். அது ஃபெல்ஸ்பார் களியாகிப் பாதி வழியில் நிற்கும் நிலை. கருப்பு வரியைச் சுற்றி மஞ்சளும் காவியுமாகக் கறை இருக்கும். துருவின் தொடக்கம் அது. நெருநெருவென்று விரலில் உறுத்துவது குவார்ட்ஸ். உங்கள் மண்ணில் இருக்கும் மணல், களி, சிவப்பு நிறம் மூன்றுக்கும் ஊற்று அந்த ஒரு துண்டுக்குள் இருக்கிறது.

அதற்கு மேலே வெள்ளைக் கற்கள். அது பாறையின் துண்டு என்று நினைத்திருப்பீர்கள், இல்லை. சுக்கான் கல், அதாவது சுண்ணாம்பு. ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் லேசாகப் பொங்கும். பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியம் மழைநீரோடு கீழே இறங்குகிறது. உங்கள் ஊரில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அந்தத் தண்ணீர் மூன்று நாலு அடி இறங்குவதற்குள் வேர் உறிஞ்சியும் வெயிலில் ஆவியாகியும் தீர்ந்துபோகிறது. தண்ணீர் போனதும் சுண்ணாம்பு அங்கேயே படிந்து, வருடாவருடம் சேர்ந்து கட்டியாகிறது. சுருங்கச் சொன்னால், அந்த வெள்ளை வரி உங்கள் ஊர் மழை வழக்கமாக எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதற்கான அடையாளம். மழை கொட்டுகிற நீலகிரியிலோ கன்னியாகுமரியின் மலைச்சரிவிலோ குழி வெட்டினால் இந்த வரி இருக்காது, சுண்ணாம்பு முழுவதும் ஆற்றோடு போயிருக்கும்.

அடுத்தது அந்த அடர் சிவப்பு. ஒரு கட்டியை உடைத்து, உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மெழுகு தடவியதுபோல மினுமினுக்கும். மேல் அடுக்கிலிருந்து மிக நுண்ணிய களியை மழைநீர் சுமந்துவந்து, கீழே இருக்கும் கட்டிகளின் இடுக்குகளில் பூசியிருக்கிறது, அந்தப் பூச்சின் மினுக்கம்தான் இது. மேல்மண் கொஞ்சம் மணற்பாங்காகவும் கீழ்மண் களிப்பாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். மண் ஆய்வில் மேலடுக்கை ஏ என்றும், களி வந்து சேர்ந்த சிவப்பு அடுக்கை பி என்றும், உதிரும் பாறையை சி என்றும் குறிப்பார்கள். காட்டில் இதற்கெல்லாம் மேலே சருகும் மக்குமாக ஓர் அடுக்கு இருக்கும், அதற்கு ஓ என்று பெயர். உழுகிற நிலத்தில் அது நிற்காது.

ஒரு பி அடுக்கில் அப்படிக் களிப்பூச்சு படிவதற்கே சில ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும்போது வேண்டும்.

சரி, ஒரே பாறைதானே, பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் ஏன் கரிசலாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கொங்குப் பகுதியில் இது அடிக்கடி பார்க்கிற காட்சி. மேட்டில் செவ்வல், நாலு வயல் தள்ளி இறக்கத்தில் கரிசல். கோவைப் பக்க மண் வகைகளுக்கு ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இருகூர் வகை என்றால் செம்மண், பீளமேடு வகை என்றால் கரிசல். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. கரிசல் என்றாலே எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மகாராஷ்டிரத்துக்கு அது சரி. தமிழ்நாட்டில் நைஸ் பாறைமேலும், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்மேலும் கரிசல் இருக்கிறது.

வித்தியாசத்தை உண்டாக்குவது தண்ணீர் போகும் வழி. மேட்டில் தண்ணீர் வடிந்துவிடுகிறது, கால்சியமும் மக்னீசியமும் அதோடு இறங்கிப் போகின்றன. மிஞ்சுவது கயோலின் என்ற சாதுவான களியும் துருவும். நிறம் சிவப்பு. பள்ளத்தில், மேட்டிலிருந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் தேங்குகின்றன. வடிய வழியில்லாத அந்த இடத்தில் உருவாவது வேறு ஜாதிக் களி. தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதில் ஒரு கிராமின் உள்பரப்பையும் வெளிப்பரப்பையும் விரித்துப் போட்டால் 700 சதுர மீட்டர் வரை வரும். கயோலினில் ஒரு கிராமுக்கு இருபது சதுர மீட்டர் வந்தாலே அதிகம். கரிசல் ஏன் ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைக்கிறது, செவ்வல் ஏன் பத்து நாளில் வாடவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கரிசலில் குழி வெட்டினால் உங்கள் குழியில் தெரிகிற மாதிரி அடுக்குகள் தெளிவாக இருக்காது. கோவில்பட்டிப் பக்கம் சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள், கை நுழைகிற அளவுக்கு வெடிப்புகள் மூன்றடி ஆழம்வரை இறங்கும். மேல்மண் அதற்குள் உதிர்ந்து விழும். மழை வந்ததும் கீழ்மண் உப்பி, விழுந்ததையும் சேர்த்து மேலே தள்ளும். இப்படிப் புரண்டுகொண்டே இருப்பதால்தான் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் என்கிறார்கள். அந்த மண்ணில் மின்கம்பம் சாய்வதும் வீட்டுச் சுவர் கீறல் விடுவதும் இதே புரளலால்தான்.

மண் என்பது பாறைத்தூள் மட்டும் இல்லை, அது தனிப் பிறவி என்பதை முதலில் அழுத்திச் சொன்னவர் ரஷ்யாவின் வசீலி டொக்குச்சாயெவ். அங்குள்ள கரிய மண்ணைப் பற்றிய ஆய்வை 1883இல் வெளியிட்டார். பிறகு 1941இல் ஹான்ஸ் ஜென்னி என்ற மண் அறிவியலாளர், மண்ணைத் தீர்மானிப்பவை தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், அடிப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் என்று வகுத்தார். உங்கள் செவ்வலுக்கும் பள்ளத்துக் கரிசலுக்கும் இந்த ஐந்தில் பெரிதாக மாறியது மேடுபள்ளம் ஒன்றுதான். அதற்கே இவ்வளவு வேறுபாடு.

இனி விலை பேசப்படும் அந்த மேலடுக்குக்கு வருவோம்.

நல்ல மேல்மண்ணில் ஒரு படி எடுத்தால் அதில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி வெற்றிடம், அதில் தண்ணீரும் காற்றும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்க வேண்டும். திடப்பொருளில் மிகப் பெரும்பகுதி மணல், வண்டல்துகள், களி. உயிர்ப்பொருள், அதாவது மக்கு, பாடப்புத்தகக் கணக்கில் ஐந்து சதவீதம். நம் மானாவாரி நிலங்களில் அதெல்லாம் கனவு. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கில் இருக்கும் கரிமம், என்று ஒரு வரி இருக்கும், அதில் அரை சதவீதத்துக்கும் கீழேதான் பெரும்பாலும் பார்க்கிறோம். வெயில் நாட்டில் மக்கு வேகமாக எரிந்துபோகும். ஊட்டியில் மண் கறுத்துப் பொலபொலவென்று இருப்பதற்குப் பெரிய காரணம் அங்கே குளிரில் மக்கு சீக்கிரம் சிதைவதில்லை என்பதுதான்.

அந்த அரை சதவீதம்தான் உங்கள் நிலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கிராம் மேல்மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கும். முதல் மழைக்கு எழும் மண்வாசனையே ஆக்டினோமைசீட்ஸ் என்ற ஒரு வகை நுண்ணுயிர் உண்டாக்கும் பொருளின் வாசனைதான். இந்த உயிர்கள் விடும் பசை, பூஞ்சை இழைகள், நுண்வேர்கள் எல்லாம் சேர்ந்துதான் மணலையும் களியையும் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கட்டிவைக்கின்றன. உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் மழை இறங்குகிறது, வேர் நுழைகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மேல்மண்ணில் ஒரு சிறு கட்டியை ஒன்றிலும், மூன்றடி ஆழத்துச் செம்மண் கட்டியை மற்றதிலும் மெதுவாக விடுங்கள். வேலியோரம், உழவு படாத இடத்திலிருந்து ஒரு கட்டி கிடைத்தால் மூன்றாவது டம்ளரும் வையுங்கள். வேலியோரக் கட்டி பத்து நிமிடம் கழித்தும் உருக்குலையாமல் இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். உழுத மேல்மண் கொஞ்சம் உதிரும். மக்கு இல்லாத கீழ்மண் பெரும்பாலும் சீக்கிரமே பிரிந்து அடியில் சேறாகப் படியும். உங்கள் வயலின் மேல் மழை விழும்போது நடப்பதும் இதேதான்.

எதில் எவ்வளவு களி என்று பார்க்க, ஒரு பாட்டிலில் கால்வாசி மண், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். வண்டல்துகள் படிய அரைநாள் ஆகலாம். மறுநாளும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அது களி.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சரிவான ஒன்றரை ஏக்கரைச் சமப்படுத்த புல்டோசர் விட்டார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். மேட்டில் இரண்டடி வெட்டிப் பள்ளத்தில் தள்ளினார்கள். வயல் மேசைபோல அழகாக இருந்தது, ஊரே வந்து பார்த்தது. ஆடியில் சோளம் விதைத்தோம். பள்ளத்துப் பாதியில் ஆள் உயரம் நின்றது. மேட்டுப் பாதியில் முழங்காலுக்குமேல் வரவில்லை, மஞ்சளித்துக் கதிர் வாங்காமலே போனது. அடுத்த வருடம் அந்தப் பாதிக்கு மட்டும் இரட்டிப்பு உரம் போட்டோம். பெரிய மாற்றம் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் மேலே நிற்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், முளை அதை உடைத்துக்கொண்டு வர முடியாது. வெட்டின இடத்தில் வெளியே தெரிந்தது நீங்கள் குழியில் பார்த்த அந்த மினுமினுக்கும் சிவப்பு அடுக்கு. களி அதிகம், மக்கு கிடையாது, பாஸ்பரஸை வேருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும். குளத்து வண்டல் அடித்து, ஆட்டுக்கிடை போட்டு, கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுது, அந்தப் பாதி ஓரளவு தேறுவதற்கு எட்டு வருடம் ஆயிற்று. இன்றைக்கும் சோளம் நிற்கும் உயரத்தை வைத்து எது வெட்டின பக்கம் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். மேல்மண்ணை முதலில் வழித்து ஒரு ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணைச் சமப்படுத்தி, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்பியிருந்தால் இந்த எட்டு வருடம் போயிருக்காது. யாரும் அதைச் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது கணக்கு. பாறையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டுகள் ஆகலாம், வறண்ட இடங்களில் கெட்டிப் பாறைமேல் ஆயிரம் ஆண்டும் ஆகலாம். இரண்டடி என்பது 60 சென்டிமீட்டர். மிக வேகமான கணக்கை எடுத்தாலே ஆறாயிரம் ஆண்டு. உங்களிடம் கேட்கிறவர் எடுத்துப்போக நினைப்பது எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, இரண்டடி ஆழம் என்றால் 87,120 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 871 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏக்கருக்கு 290 லோடு. உங்கள் இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 580 லோடு. லோடுக்கு அவர் என்ன விலை சொல்கிறாரோ அதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் தொகை கண்ணைக் கவரும்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்த நிலத்தில் என்ன விளையும் என்பதை எங்கள் மேட்டுப் பாதியை வைத்து யோசியுங்கள். அப்புறம், பட்டா நிலமாகவே இருந்தாலும் மண் எடுத்து விற்கக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும், இதை அவர் சொல்லியிருக்கமாட்டார்.

விற்காவிட்டாலும் மண் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் உங்கள் நிலம் சரிவு என்பதால் சொல்லியே ஆக வேண்டும்.

அரிப்பு என்றதும் ஓடையும் பள்ளமும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது மழைத்துளியில் ஆரம்பிக்கிறது. ஒரு பெரிய துளி வெறும் மண்ணில் வந்து விழும் வேகம் வினாடிக்கு ஒன்பது மீட்டர், மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த அடியில் உருண்டைகள் சிதறி, துகள்கள் முழங்கால் உயரம்வரை தெறிக்கும். மழைக்குப் பின் வீட்டுச் சுவரின் அடிப்பக்கம் செம்மண் புள்ளிகள் இருக்குமே, அதுதான். சிதறிய நுண்துகள் சந்துகளை அடைத்துவிடும், தண்ணீர் இறங்காமல் மேலேயே ஓடத் தொடங்கும். வயல் முழுக்க ஒரு தாள் கனத்துக்கு மண்ணை வழித்துக்கொண்டு போகும். கண்ணுக்கே தெரியாது. பிறகு விரல் அகல வாய்க்கால்கள், அடுத்த உழவில் அதுவும் மறைந்துவிடும். பள்ளம் விழுந்த பிறகு பதறுகிறோம், ஆனால் அதற்குள் நல்ல மண்ணில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும்.

வயதானவர்கள் சிலர், "எங்க காட்டுல வருசா வருசம் கல்லு வளருதுங்க" என்பார்கள். பொறுக்கப் பொறுக்கச் சரளை வந்துகொண்டே இருக்கும். கல் வளரவில்லை, அதைச் சுற்றியிருந்த மண் கரைந்து போகிறது. தண்ணீர் முதலில் தூக்கிச் செல்வது மிக நுண்ணிய களியையும் எடையில்லாத மக்கையும்தான். சத்தெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது அவற்றில்தான். பனைமரத்தின் வேர்க்கட்டு தரைக்குமேல் எவ்வளவு தெரிகிறது, வேலிக் கல்லின் பழைய மண்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் நிலம் இழந்த கனத்தை அளந்துவிடலாம்.

இந்தியா முழுவதற்கும் 1983இல் போட்ட ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது: ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 16.4 டன். ஏக்கருக்கு மாற்றினால் ஆறரை டன், நம் கணக்கில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல். இரண்டு வருடத்துக்கு ஒரு டிப்பர் லோடு மண் உங்கள் ஒவ்வொரு ஏக்கரிலிருந்தும் சத்தமில்லாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைமட்டத்தில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் உருவாகப் பத்து வருடமாவது வேண்டும். அப்படிப் போகும் மண்ணில் ஏறக்குறைய 29 சதவீதம் கடலுக்கும், பத்து சதவீதம் அணைகளுக்கும் போவதாக அதே மதிப்பீடு சொல்கிறது. மீதி எங்கோ ஒரு பள்ளத்தில் படிகிறது. 1934இல் திறந்த மேட்டூர் அணையின் அடியில் வண்டலாகக் கிடப்பதும் யாரோ ஒருவருடைய மேல்மண்தான்.

நீலகிரியில் உருளைக்கிழங்குக்காகச் சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்த இடங்களில் இந்தக் கணக்கெல்லாம் பல மடங்கு. மண் காப்புக்கென்றே 1954 முதல் உதகமண்டலத்தில் ஓர் ஆய்வு மையம் இயங்குவதற்கு அந்தச் சரிவுகள்தான் காரணம். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத் தேரிக்காட்டில் இதே வேலையைக் காற்று செய்கிறது. உங்களுக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை, மழை மட்டும்தான்.

உங்கள் ஊர்க்காரர்களிடமே இதற்கு நல்ல பதில் இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். உழவே கிடையாது, மாடும் ஆடும் மேயும். சரளை மண்ணாக இருந்தாலும் அங்கே மழைத்தண்ணீர் கலங்கி ஓடுவதைப் பார்ப்பது அபூர்வம். துளி மண்ணில் நேரடியாக விழாமல் புல்லில் விழுகிறது, ரகசியம் அவ்வளவுதான். இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர் மேட்டுப் பகுதியை நீங்கள் கொறங்காடாக விட்டாலே கீழே இருக்கும் ஒன்றரை ஏக்கர் காப்பாற்றப்படும்.

மற்றபடி சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், குறுக்கே வரப்புப் போடுங்கள். வரப்பின் ஓரம் வெட்டிவேர் நடுங்கள். ஆங்கிலத்திலும் அதற்கு நம் பெயர்தான். மண்ணரிப்பைத் தடுக்க இன்று பல நாடுகளில் நடுகிறார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே மூன்று மீட்டர்வரை இறங்குவதால் பயிரோடு போட்டி போடாது, மேலே தூர்கள் நெருங்கி நின்று மண்ணை வடிகட்டி நிறுத்தும். ஐப்பசி மழை வரும்போது நிலம் வெறுமையாக இருக்கக்கூடாது, இதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். கொள்ளோ, நரிப்பயறோ, தட்டையோ ஏதாவது ஒன்று தரையை மூடியிருக்க வேண்டும். சோளத்தட்டின் அடிக்கட்டையைப் பிடுங்கி எரிக்க வேண்டாம். ரோட்டவேட்டரை அடிக்கடி விடாதீர்கள், அது உருண்டைகளை மாவாக்கிவிடும், டம்ளரில் பார்த்தீர்களே, அப்படி.

குளத்து வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் வருடத்தில் தவறவிடாதீர்கள். செவ்வலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, மேட்டிலிருந்து போன களியைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் களியைக் கட்டிவைக்க மக்கும் வேண்டும், அதனால் அதே வருடம் ஆட்டுக்கிடையோ பசுந்தாள் உரமோ சேர்த்துப் போடுங்கள்.

கடைசியாகக் கிணற்று மண். இப்போது வெட்டிக்கொண்டிருக்கும்போதே இதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரே மேடாகக் கொட்டவிடாதீர்கள். முதல் ஒரு அடி மண்ணைத் தனியாகக் குவித்து, கிணறு முடிந்ததும் வயலில் மெலிந்த இடமாகப் பார்த்துப் பரப்புங்கள். சிவப்புக் களிமண் வரப்பு கட்ட அருமையானது, அதை வரப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுக்கான் கல் கலந்த மண்ணை மட்டும் வயலில் விடவே கூடாது, அந்தச் சுண்ணாம்பு இரும்புச் சத்தும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் தடுத்து இலையை வெளுக்கவைக்கும். அதையும் உதிரும் பாறையையும் வண்டித்தடத்துக்குக் கொட்டுங்கள். மண் கேட்கிறவர் மறுபடி வந்தால், கிணற்றடியிலிருந்து எடுத்த அந்தப் பாறைச் சரளையை வேண்டுமானால் முறையான அனுமதியோடு அவருக்குக் கொடுக்கலாம். அவர் பள்ளம் நிரப்பத்தானே கேட்கிறார், அதற்கு அதுவே போதும்.